ரெசின் நகை

ரெசின் நகை என்பது, நீர்ம நிலையில் உள்ள செயற்கைப் பிசினை அச்சில் வார்த்து இறுக வைத்துச் செய்யப்படும் அணிகலன் ஆகும். இது பிசின் அணிகலன் எனவும் அழைக்கப்படலாம். பதக்கம், தோடு, மோதிரம், வளையல் முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன. உலர்ந்த பூக்கள், இலைகள், மணல், சிப்பி, பொன்தாள் போன்றவற்றைத் தெளிந்த பிசினுக்குள் பதித்து வைக்க முடிவதால் பலரும் இவற்றை விரும்புகின்றனர். உலையோ பெரிய கருவிகளோ தேவைப்படாமையால் வீட்டுக் கைவினையாகவும் சிறுதொழிலாகவும் இது பரவியுள்ளது.

முழுமையாக இறுகிய ரெசின் பொதுவாகத் தோலுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் இறுகாத ரெசினும், அதனுடன் கலக்கப்படும் இறுக்கியும் தோல் ஒவ்வாமையை எளிதில் உண்டாக்கும் பொருட்கள் ஆகும். எனவே ஒரு நகை தோலில் அணியத் தக்கதா என்பது, அதில் எந்த ரெசின் உள்ளது என்பதைவிட, அந்த ரெசின் எவ்வளவு முழுமையாக இறுகியுள்ளது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. தொட்டால் ஒட்டவில்லை என்பதும் வேதிவினை நிறைவுற்றது என்பதும் ஒன்றல்ல.

வரலாறு

இயற்கைப் பிசின்களால் ஆன அணிகலன்கள் மிகப் பழமையானவை. மரப்பிசின் பல மில்லியன் ஆண்டுகள் மண்ணுள் புதைந்து இறுகியதே அம்பர் ஆகும். ஒருவகைப் பூச்சியின் சுரப்பான அரக்கினால் வளையல் செய்யும் வழக்கம் இந்தியாவில் நெடுங்காலமாக உள்ளது.

சப்பானின் உருசி மரப்பால் பூச்சு இங்கு சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. உருசி மரத்தின் பாலில் உள்ள உருசியோல் என்னும் பொருள் தோலில் பட்டால் கடுமையான கொப்புளங்களை உண்டாக்கும். ஆனால் அதே பால், வெப்பமும் ஈரமும் உள்ள பெட்டிக்குள் வைக்கப்பட்டு முழுமையாக இறுகியபின், உணவுக் கிண்ணத்திற்கும் சீப்புக்கும் ஏற்ற பூச்சாகின்றது. பூச்சு வேலை செய்யும் கலைஞருக்கு உள்ள இடர், நன்கு இறுகிய கிண்ணத்தில் உண்பவருக்குப் பொதுவாக இல்லை. இன்றைய ரெசின் நகைகளுக்கும் இதே நியதி பொருந்துகின்றது.

லியோ பேக்லண்டு 1907இல் உருவாக்கிய பேக்கலைட்டு, முதலாவது முழுச் செயற்கைப் பிசின் ஆகும். 1920களிலும் 1930களிலும் பேக்கலைட்டு வளையல்களும் ஊசிகளும் மேலைநாடுகளில் புகழ் பெற்றிருந்தன. இன்று நகை செய்யப் பெரிதும் பயன்படும் எப்பாக்சி ரெசினை 1930களிலும் 1940களிலும் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன், அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ ஆகியோர் தனித்தனியே உருவாக்கினர். காஸ்டன் பல் மருத்துவத்துக்கான பொருளைத் தேடியே இதில் ஈடுபட்டார். பின்னர் இவருடைய கண்டுபிடிப்பின் உரிமத்தைப் பெற்ற சீபா நிறுவனம் 1946இல் அரால்டைட்டு என்னும் பசையை அறிமுகப்படுத்தியது.

ரெசின் வகைகள்

நகை செய்யப் பயன்படும் ரெசின்களுள் பின்வருவன முதன்மையானவை.

எப்பாக்சி ரெசின்: இது இரண்டு புட்டிகளில் விற்கப்படுகின்றது. ஒன்றில் ரெசினும் மற்றொன்றில் ஹார்டனர் எனப்படும் இறுக்கியும் இருக்கும். ரெசின் பெரும்பாலும் பிஸ்பீனால் ஏ, எப்பிகுளோரோஐதரின் ஆகியவற்றிலிருந்து பெறப்படுவது. இறுக்கி பெரும்பாலும் அமீன் வகையைச் சார்ந்தது. மணம் குறைவாக இருப்பதால் இது தீங்கற்றது என்று தவறாகக் கருதப்படுவதுண்டு.

புற ஊதாக் கதிர் ரெசின்: இது ஒரே புட்டியில் கிடைக்கும். அக்ரிலேட்டு, மெத்தக்ரிலேட்டு ஆகிய சேர்மங்களும் ஒளி பட்டவுடன் வினையைத் தொடக்கி வைக்கும் ஒரு பொருளும் இதில் உள்ளன. 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள விளக்கின் கீழ் இது சில நிமிடங்களில் இறுகுகின்றது. ஒளித்தொடக்கிகளுள் ஒன்றான டிபிஓ, இனப்பெருக்கத்துக்குக் கேடு விளைவிக்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்டதால், ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் நகப்பூச்சு உள்ளிட்ட ஒப்பனைப் பொருட்களில் அதனைத் தடை செய்தது. இத்தடை கைவினை ரெசினுக்கு உரியதன்று. எனினும் அத்தகைய ரெசின்கள் சிலவற்றில் இதே பொருள் பயன்படுகின்றது.

பாலியெஸ்டர் ரெசின்: இது படகு கட்டுதல் போன்ற தொழில்களில் பெரிதும் பயன்படுவது. இதில் உள்ள ஸ்டைரீன் கடுமையான மணமுடையது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2018இல் ஸ்டைரீனை மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருட்களின் பிரிவில் சேர்த்தது. வீட்டுக்குள் நகை செய்ய இது ஏற்றதன்று.

இறுகும் வேதியியல்

ரெசின் இறுகுவது நீர் ஆவியாகிக் காய்வதைப் போன்றதன்று. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் இணைந்து, முப்பரிமாண வலையாக மாறுவதே இறுகல் ஆகும். வலையில் இணைந்த மூலக்கூறு வெளியேற முடியாது. இணையாமல் எஞ்சிய மூலக்கூறு வியர்வை, எண்ணெய், வெப்பம் ஆகியவற்றின் துணையால் மெல்ல வெளியேறித் தோலை அடையக்கூடும்.

எப்பாக்சியில் இவ்வினை எண்ணிக்கைக் கணக்கின்படி நடைபெறுகின்றது. ரெசினில் உள்ள ஒவ்வோர் எப்பாக்சித் தொகுதிக்கும் இறுக்கியில் உள்ள அமீனின் ஓர் ஐதரசன் அணு தேவை. எப்பாக்சித் தொகுதி ஒன்றுக்கு 190 கிராம் எடையுள்ள ரெசினையும், வினைபுரியும் ஐதரசன் ஒன்றுக்கு 60 கிராம் எடையுள்ள இறுக்கியையும் எடுத்துக்கொண்டால், 100 கிராம் ரெசினுக்கு ஏறத்தாழ 32 கிராம் இறுக்கி வேண்டும். இறுக்கி குறைந்தால் ரெசின் எஞ்சும். மிகுந்தால் அமீன் எஞ்சும். இரண்டுமே தோலுக்கு ஆகாதவை. பாலியெஸ்டர் ரெசினில் வினையூக்கியைச் சற்றுக் கூட்டினால் விரைவில் இறுகும். அந்தப் பழக்கத்தில் எப்பாக்சிக்கும் இறுக்கியைக் கூட்டுவது பிழையாகும்.

அளவு சரியாக இருந்தாலும் வினை ஓரிடத்தில் தடைப்படுகின்றது. வலை இறுக இறுக நீர்மம் கண்ணாடி போன்ற திண்மமாகின்றது. அதனுள் எஞ்சிய மூலக்கூறுகள் தம் இணையைத் தேடி நகர இயலாமல் சிறைப்படுகின்றன. இதனால்தான் அறை வெப்பநிலையில் 24 மணி நேரத்தில் கல்லாகத் தோன்றும் நகையிலும் வினை முற்றுப்பெற்றிருப்பதில்லை. பல எப்பாக்சி ரெசின்கள் முழுமையாக இறுக ஏறத்தாழ 7 நாட்கள் தேவைப்படுகின்றன. இறுகிய நகையை மிதமான வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால், சிறைப்பட்ட மூலக்கூறுகள் மீண்டும் நகர்ந்து வினை மேலும் முன்னேறும். இது பின்னிறுகல் எனப்படும். இதற்குரிய வெப்பமும் நேரமும் ரெசினுக்கு ரெசின் வேறுபடுவதால், தயாரிப்பாளரின் குறிப்பேட்டைப் பின்பற்ற வேண்டும்.

புற ஊதாக் கதிர் ரெசினில் தடை வேறு வகையானது. ஒளி புகும் ஆழம் வரையே அது இறுகும். நிறமியோ மினுக்குத் தூளோ மிகுந்த ரெசினில் மேற்புறம் இறுகி உட்புறம் நீர்மமாகவே இருக்கக்கூடும். மேலும் காற்றிலுள்ள ஆக்சிசன் மேற்பரப்பில் வினையைத் தடுப்பதால், விளக்கின் கீழ் வைத்த பின்னும் மெல்லிய பிசுபிசுப்பான படலம் எஞ்சுவதுண்டு. அப்படலம் பெரும்பாலும் வினைபுரியாத அக்ரிலேட்டே ஆகும்.

தோல் ஒவ்வாமை உண்டாகும் முறை

ரெசினால் தோலில் ஏற்படும் பாதிப்புகள் இருவகைப்படும். ஒன்று உறுத்தல் தோலழற்சி. கார இயல்புள்ள அமீன் போன்ற பொருள் நேரடியாகத் தோலைப் புண்ணாக்குவது இது. மற்றொன்று ஒவ்வாமைத் தொடுகைத் தோலழற்சி. இது உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு நினைவில் வைத்துக்கொள்ளும் பாதிப்பு ஆகும்.

ஏறத்தாழ 500 டால்டனுக்குக் குறைந்த நிறையுள்ள மூலக்கூறுகளே தோலின் மேலடுக்கை எளிதில் கடக்கின்றன. எப்பாக்சி ரெசினின் அடிப்படை மூலக்கூறின் நிறை 340. எனவே அது எளிதாக உட்புகுந்து தோலின் புரதங்களுடன் பிணைகின்றது. தோலிலுள்ள காவல் உயிரணுக்கள் அதனை அயற்பொருளாகக் கண்டு, நிணநீர்க் கணுவில் உள்ள டி உயிரணுக்களுக்கு அறிவிக்கின்றன. இக்கட்டத்தில் வெளியே எவ்வித அறிகுறியும் தோன்றாமல் இருக்கலாம். பின்னர் அதே பொருள் மீண்டும் படும்போது, 1 முதல் 3 நாட்களுக்குள் அரிப்பு, சிவப்பு, வீக்கம், கொப்புளம் ஆகியவை தோன்றும். பாதிப்பு தாமதமாகத் தோன்றுவதால் அதன் காரணத்தை அணிந்தவர் உணராமல் போவதுண்டு. ஒருமுறை ஏற்பட்ட இவ்வொவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும்.

இதன் விளைவு நகையோடு முடிவதில்லை. அக்ரிலேட்டு, மெத்தக்ரிலேட்டு வகைச் சேர்மங்கள் பல் அடைப்புகளிலும், செயற்கை மூட்டுகளைப் பொருத்த உதவும் எலும்புச் சிமெந்திலும், நகப்பூச்சுகளிலும் உள்ளன. இவற்றுக்கு ஒவ்வாமை பெற்ற ஒருவர் பின்னாளில் பல் மருத்துவரிடம் செல்லும்போது இதனைத் தெரிவிக்க வேண்டியவராகின்றார்.

இறுகிய பொருளிலிருந்தும் எச்சம் வெளியேறக்கூடும் என்பதற்கு நீரிழிவு நோயாளர் அணியும் குளுக்கோசு உணரிகள் சான்றாகும். அத்தகைய உணரி ஒன்றைத் தோலில் ஒட்டி வைத்தவர்களுக்கு ஏற்பட்ட ஒவ்வாமையை ஆய்ந்த மருத்துவர்கள், உணரியின் உறையை இணைத்த பசையிலிருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட்டு தோலை அடைந்ததை 2017இல் வெளியிட்டனர். 2020இல் அமெரிக்கத் தொடுகைத் தோலழற்சிக் கழகம் அச்சேர்மத்தை அவ்வாண்டின் ஒவ்வாமையூக்கியாக அறிவித்தது.

செய்பவருக்கு உள்ள இடர்

நகையை அணிபவரை விடச் செய்பவருக்கே இடர் மிகுதி. அணிபவர் தொடுவது இறுகிய பொருளை. செய்பவர் தொடுவதோ நீர்மத்தை. அதனால் பின்வரும் முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன.

* நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். லாடெக்சு கையுறை போதிய தடுப்பு அளிப்பதில்லை. அக்ரிலேட்டுகள் மெல்லிய நைட்ரைலையும் சில நிமிடங்களில் ஊடுருவக்கூடியவை. ஆகையால் ரெசின் பட்ட கையுறையை உடனே கழற்றி மாற்ற வேண்டும்.
* தோலில் ரெசின் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். அசிட்டோன், ஆல்ககால் போன்ற கரைப்பான்களால் துடைத்தால் அவை ரெசினை மெலிதாக்கித் தோலில் பரப்பி, உட்புக உதவுகின்றன.
* கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடங்கள் ஓடும் நீரில் கழுவி மருத்துவரை நாட வேண்டும்.
* காற்றோட்டமான இடத்தில், உணவு சமைக்கும் கலங்களிலிருந்து விலகி வேலை செய்ய வேண்டும். ரெசினுக்குப் பயன்படுத்திய குவளையையும் கரண்டியையும் மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.
* கதவுப் பிடி, கைபேசி, புட்டியின் மூடி ஆகியவற்றில் படியும் ரெசின் பின்னர் வெறுங்கையில் ஒட்டும். குழந்தைகள் உள்ள வீடுகளில் இது கூடுதல் கவனத்துக்கு உரியது.

செய்முறை

முதலில் அளவு. தயாரிப்பாளர் குறிப்பிடும் விகிதம் பருமனளவிலா எடையிலா என்பதைப் பார்க்க வேண்டும். ரெசின் இறுக்கியை விட அடர்த்தி மிக்கது. ரெசினின் அடர்த்தி 1.15, இறுக்கியின் அடர்த்தி 0.95 எனக் கொண்டால், பருமனளவில் 1:1 என்பது எடையில் ஏறத்தாழ 100:83 ஆகும். இதனை அறியாமல் தராசில் 100:100 என நிறுத்தால் இறுக்கி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுந்துவிடும். ஒரு பதக்கத்துக்குச் சில கிராம் ரெசினே போதுமாகையால், துளிகள் கூட விகிதத்தை மாற்றிவிடும். சிறு அளவில் கலப்பவர்கள் 0.1 கிராமோ அதனினும் நுட்பமாகவோ காட்டும் தராசைப் பயன்படுத்துவது நன்று.

அடுத்தது கலத்தல். ஏறத்தாழ 3 நிமிடங்கள் மெதுவாகக் கலக்க வேண்டும். குவளையின் அடியிலும் சுவரிலும் ஒட்டிய பகுதியை வழித்துச் சேர்க்க வேண்டும். பின் அதனை வேறொரு தூய குவளைக்கு மாற்றி மீண்டும் கலப்பது சிறந்த முறையாகும். முதற்குவளையின் சுவரில் எஞ்சும் கலவாத ரெசின் அச்சில் விழுந்தால், இறுகிய நகையில் ஒட்டும் புள்ளிகளாக அது நிலைத்துவிடும்.

பதிக்கப்படும் பொருள் ஈரமற்றதாக இருக்க வேண்டும். பூக்களைச் சிலிக்கா ஜெல்லில் புதைத்து நன்கு உலர்த்திய பின்னரே பதிக்க வேண்டும். ஈரம் நிறத்தைக் கெடுப்பதோடு, பூவைச் சுற்றி ரெசின் இறுகாமலும் செய்யும். ஈரமான வானிலையில் எப்பாக்சியின் மேற்பரப்பில் மெழுகு போன்ற படலம் தோன்றுவதுண்டு. அமீன், காற்றிலுள்ள ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து உண்டாவது இது. கையுறை அணிந்து, இளஞ்சூடான நீரில் இதனைக் கழுவி நீக்கலாம். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் இச்சிக்கல் மிகுதி.

புற ஊதாக் கதிர் ரெசினை ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையான மெல்லிய அடுக்குகளாக ஊற்றி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக வைக்க வேண்டும். தெளிந்த அச்சாயின் அடிப்புறத்திலிருந்தும் ஒளி படச் செய்ய வேண்டும். இறுதி அடுக்கைக் காற்றுப் படாதவாறு தெளிந்த தாளால் மூடி ஒளியூட்டினால் பிசுபிசுப்பு குறையும்.

இறுகிய நகையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்க்கும்போது, நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலர்ந்த தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் கேடானது. அரைகுறையாக இறுகிய நகையின் தூசி வினைபுரியாத பொருளையும் சுமந்து செல்வதால், தேய்ப்பதற்கு முன் இறுகும் காலம் முழுமையும் கழிந்திருக்க வேண்டும். என்95 தரத்திலான முகமூடியும் கையுறையும் தேவை.

இறுகலைச் சோதித்தல்

வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனைகள் சில உள்ளன. நகத்தால் அழுத்தினால் தடம் பதியக் கூடாது. மூடிய சிறு பெட்டியில் ஒரு நாள் வைத்துத் திறந்தால் வேதிப்பொருள் மணம் வரக் கூடாது. மறைவான ஓரத்தை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் பரப்பு ஒட்டும் தன்மை அடையக் கூடாது. பஞ்சில் நிறமும் இறங்கக் கூடாது.

இவற்றில் ஒன்றில் தவறினாலும் அந்நகை அணியத் தக்கதன்று. அளவுப் பிழையால் இறுகாத எப்பாக்சி எவ்வளவு நாள் காத்திருந்தாலும் இறுகாது. அதன்மேல் புதிய ரெசின் பூசி மறைப்பது சிலரது வழக்கம். அடியிலுள்ள எச்சம் அதனால் நீங்குவதில்லை. மறுபுறம், எல்லாச் சோதனைகளிலும் தேறிய நகையிலும் எச்சம் அறவே இல்லை என்று கூற இயலாது. அதனைத் துல்லியமாக அளக்க ஆய்வகப் பகுப்பாய்வு தேவை.

உலோக உறுப்புகள்

ரெசின் நகையால் அரிப்பு ஏற்பட்டது எனக் கருதப்படும் நேர்வுகளில், காரணம் ரெசினாக இல்லாமல் அதனைத் தாங்கும் கொக்கி, வளையம், திருகாணி ஆகியவற்றில் உள்ள நிக்கலாக இருக்கக்கூடும். கவரிங் நகை அணிவோரில் சிலருக்குக் காது மடலிலும் கழுத்திலும் ஏற்படும் அரிப்புக்கும் நிக்கல் ஒரு காரணமாகும்.

1990இல் டென்மார்க்கு நகைகளிலிருந்து வெளியேறும் நிக்கலுக்கு வரம்பு விதித்தது. 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் இதனைப் பின்பற்றியது. ஐரோப்பிய விதியின்படி, தோலோடு நீண்ட நேரம் தொட்டிருக்கும் பொருளிலிருந்து வாரத்திற்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. துளையிட்ட உறுப்பில் செருகப்படும் தண்டுகளுக்கு இவ்வரம்பு 0.2 மைக்ரோகிராம் ஆகும்.

இவ்விதி, பொருளில் எவ்வளவு நிக்கல் உள்ளது என்பதை அன்றி எவ்வளவு வெளியேறுகின்றது என்பதையே அளக்கின்றது. 316எல் வகைத் துருவுறா எஃகில் 10 முதல் 14 விழுக்காடு வரை நிக்கல் உள்ளது. ஆயினும் அது உலோக அமைப்பினுள் கட்டுண்டிருப்பதால் மிகக் குறைவாகவே வெளியேறுகின்றது. வலையில் கட்டுண்ட ரெசினுக்கும் இது ஒப்பானது. நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தைட்டானியம், நையோபியம் ஆகியவை ஏற்றவை. டைமீதைல்கிளையாக்சைம் கரைசல் தோய்ந்த பஞ்சால் உலோகத்தைத் தேய்க்கும்போது பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் வெளியேறுகின்றது என அறியலாம்.

அணியும் இடம்

ஒரே ரெசின், அணியும் இடத்தைப் பொறுத்து வேறுபட்ட இடரை அளிக்கின்றது. ஆடையின் மேல் தொங்கும் பதக்கம் தோலை மிகக் குறைவாகவே தொடும். மோதிரத்தின் அடியில் வியர்வையும் சோப்பும் தேங்கி நிற்பதால் தொடுகை மிகுதி. புதிதாகக் குத்திய காதில் தோலின் தடுப்பே இல்லாமையால், ரெசினால் ஆன தண்டை அங்கு செருகக் கூடாது. தொங்கும் பகுதி மட்டும் ரெசினாகவும், துளைக்குள் செல்லும் பகுதி தகுந்த உலோகமாகவும் இருத்தல் வேண்டும். குழந்தைகள் நகையை வாயில் வைப்பதால் அவர்களுக்கு ரெசின் நகைகள் ஏற்றவையல்ல.

பெயர்ச்சீட்டுகள்

ரெசின் புட்டிகளில் நச்சற்றது, உணவுக்கு ஏற்றது என்னும் சொற்கள் காணப்படுவதுண்டு. உணவுக்கு ஏற்றது என்பது, குறிப்பிட்ட முறையில் முழுமையாக இறுகிய பொருளைப் பற்றிய கூற்றாகும். புட்டியில் உள்ள நீர்மத்துக்கு அது பொருந்தாது. ஏஎஸ்டிஎம் டி-4236 என்னும் குறி, நாட்பட்ட தீங்குகளைக் கருத்திற் கொண்டு உரிய எச்சரிக்கை இடப்பட்டுள்ளது என்பதைக் காட்டுகின்றது. பொருள் தீங்கற்றது என்பதற்கு அது சான்று அன்று. பொருளின் பாதுகாப்புத் தரவுத்தாளில் தோல் ஒவ்வாமை பற்றிய பகுதியைப் படிப்பதே உறுதியான வழியாகும்.

ஒவ்வாமை ஏற்பட்டால்

அரிப்போ கொப்புளமோ தோன்றினால் நகையை உடனே கழற்றித் தோல் மருத்துவரை அணுக வேண்டும். காரணத்தை அறிய ஒட்டுச் சோதனை செய்யப்படுகின்றது. யோசெப் யடாசோன் 1895இல் அறிமுகப்படுத்திய முறை இது. ஐயத்திற்குரிய பொருட்கள் மிகக் குறைந்த செறிவில் முதுகில் ஒட்டப்பட்டு, 48 மணி நேரத்திற்குப் பின் அகற்றப்பட்டு, அடுத்த சில நாட்களில் மீண்டும் பார்க்கப்படும். வழக்கமான சோதனைத் தொகுதியில் எப்பாக்சி ரெசின் 1 விழுக்காட்டுச் செறிவில் இடம்பெறுகின்றது. இறுக்கிகள் பொதுவாக அதில் இல்லை. எனவே ரெசின் நகை செய்பவர்கள் தாம் பயன்படுத்தும் ரெசின், இறுக்கி இரண்டின் தரவுத்தாள்களையும் மருத்துவரிடம் காட்டுவது தேவையானது.

தமக்கு ஒவ்வாமை உண்டா என அறிய, இறுகாத ரெசினைத் தாமாகவே தோலில் தடவிப் பார்ப்பது கூடாது. அதுவரை ஒவ்வாமை இல்லாதவருக்கும் அச்செயலே ஒவ்வாமையைத் தொடக்கி வைக்கக்கூடும்.